எட்டு மணி நேரத் தூரம்

1957 மார்ச் 5, செவ்வாய்

மழையே இல்லை. எங்கள் காஜா பேராங் தெரு முழுக்கப் புழுதி. கோழிக்கூட்டுக்குக் கம்பி வாங்கவில்லை, நாளைக்கு.

மைத்துனரிடமிருந்து தந்தி. வெள்ளி இரவு மதராஸில் பிளேன் ஏறுகிறார். மகள் மீனாவுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வந்தாயிற்று. அண்ணன் வருகிறார் என்று கமலத்துக்குக் கால் தரையில் இல்லை. மதராஸ் – சிங்கப்பூர் ஆயிரத்தெண்ணூறு மைல், கப்பலில் ஏழு நாள், பிளேனில் எட்டு மணி நேரம். தை பிறக்குமுன் ஏஜண்டிடம் கேட்டு மைத்துனருக்கு எழுதினேன். இவளுக்கும் சொன்னேன், அது தப்பாகப் போயிற்று. தெருவில் ஒருத்தரை விடாமல் ஒப்பிக்கிறாள்.

“அண்ணன் திரும்புறப்ப நானும் போயிட்டு வந்துடுறேங்க. ஒரே ராத்திரிதானே. என்னைப் பாத்தா அம்மாவுக்கு இழுப்பு பாதி கொறைஞ்சிரும்.”

ஒன்பது வருஷம் ஆகிறது அவள் தாயாரைப் பார்த்து. சரி என்றேன்.

மார்ச் 9, சனி

சிங்கப்பூர் போய் அழைத்து வந்தேன். முதுகு போயிற்று. ஒரே ராத்திரியில் கடல் தாண்டி வந்த மனிதர் மூவார் ஆற்றங்கரையில், அக்கரை போகும் பெர்ரிக்கு நின்ற மோட்டார் காடி வரிசையில் குறட்டை.

வீட்டு வாசலில் தொப்பியை எடுத்தார். மொட்டை அடித்து நகக்கண் அளவு வளர்ந்த முடி. “பழனி வேண்டுதல், மாப்பிள்ளை” என்றார். கமலம் ஒரு நிமிஷம் அந்தத் தலையையே பார்த்தாள். பிறகு கோப்பி கலக்க உள்ளே போனாள்.

தாயாரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. களைப்பு போலும்.

மார்ச் 10, ஞாயிறு

காது குத்து. மாமன் மடியில் மீனா ஒரே கத்தல், அவர் விரலைக் கடித்தும் விட்டாள். ஆசாரி கை சுத்தம். பாயசம் தீய்ந்தது.

பந்தியில் பேச்சு: “பிளேன்ல சோறு போடுவாங்களா?” “மெர்டேக்கா வந்து வெள்ளைக்காரன் போனா டிக்கெட்டு கொறையுமாம்ல.” யார் சொன்னதோ.

கமலம் எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். சாப்பிடவில்லை.

மார்ச் 11, திங்கள்

லீவு. மேகமூட்டம்.

கடைசி விருந்தாளியும் போன பிறகு, கமலம் அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்பச் சொல்லுங்கண்ணே. அம்மா என்னைக்குப் போச்சு?”

அவர் அழுதுவிட்டார். “தை அமாவாசைக்கு மறுநாள். காது குத்து நிக்கக்கூடாதுன்னு அதுதான் சொல்லிட்டுப் போச்சும்மா.”

“நீங்க தொப்பிய எடுத்தப்பவே தெரிஞ்சிருச்சு. காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்ல. புள்ளைக்கு நடக்கட்டும்னு வாயத் தொறக்கல.”

எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு பந்தி பரிமாறியிருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

“படுத்தப்பவே ஒரு தந்தி அடிச்சிருக்கலாமேண்ணே.”

“நாலு நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. கப்பல்ல ஏழு நாளாச்சே, நீ எப்படி வந்து சேருவேன்னு அடிக்கல. எட்டு மணி நேரம்னு மாப்பிள்ளை எழுதுன கடுதாசி பதினாறாம் நாளுதான் வந்துச்சு.”

கமலம் என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. விசாரிக்கிற குரல்தான்.

“அந்தக் கடுதாசி பிளேன்ல போச்சா, கப்பல்லயா?”

“கப்பல் தபால்ல. ஒரு மாசம் ஆயிருக்கு.”

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கிணற்றடிக்குப் போனாள். கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாள் தீட்டு. சமையல் நான்.