வெட்டுப் பொருந்தாத மெமரி

இன்று காலை மண்டைதீவுக்காரர் ஒருவர் தன் கணினியைத் தூக்கி வந்து கடை மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றியதும், உப்புக் காற்றும் சூடேறிய தூசியும் கலந்த அந்த மணம் எழும்பியது. நீர் கண்ணை மூடி மூன்று வருடம். "முதல் போர்டைப் பாருங்கோ, பிறகு விலையைச் சொல்லுங்கோ" என்று நீர் சொல்வது காதில் விழுந்தது.

வேலணையில் நாங்கள் புருசனும் பெண்சாதியுமாய்க் கடை திறந்த புதிதில் நெடுந்தீவிலிருந்து ஒருவர் கணினியைக் கொண்டு வராமல் வெறுங்கையோடு வந்தாரே, நினைவிருக்கிறதா? மறுநாள் பின்னேரம் மகனுக்குக் கனடாவில் கலியாணம். கணினியில்தான் பார்க்க வேண்டும். மெமரி பழுதாம். எந்த வகை என்று கேட்டேன்.

"பச்சை அண்ணை. அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட."

எல்லா மெமரியும் அப்படித்தான். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, புதிய வகை. பழைய வகையும் அதே நீளம். ஆனால் அடி விளிம்பில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளி இருக்கும். மெமரியைச் செருகும் அவருடைய போர்ட் பழையதென்றால் இது ஏறாது. அது தெரிந்துதான் விற்றேன்.

"போர்டைப் பாத்தனீங்களோ?" என்று நீர் கேட்டீர். ஓம் என்றேன்.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். "அண்ணை, ஏறுதில்லை."

"புதுசெண்டால் இறுக்கமாத்தான் இருக்கும். நல்லா அமத்துங்கோ."

அமத்தினார். அடுத்த போனில் அவருடைய மனைவி. "போர்ட் படாரெண்டு வெடிச்சிட்டுது அண்ணை. இனி நாங்கள் பிள்ளையின்ர கலியாணத்தை என்னெண்டு பாக்கிறது?"

மறுநாள் விடிய, கடையில் இருந்த ஒரே கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு குறிகட்டுவான் படகுத்துறைக்கு வெளிக்கிட்டீர்.

"உப்புத் தண்ணி பட்டால் அதுவும் போச்சு" என்றேன்.

"மடியில வைச்சிருப்பன்."

அடுத்த நாள் படகில் திரும்பி வந்தீர். "மணவறையில இருந்து பெடியன் கையைக் காட்டினவன். தாய் திரையைத் தடவித் தடவிப் பாத்தவ. பிழை எங்கட எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் எங்கட தலையில போட்டனீர்? அவைதானே அமத்தி உடைச்சவை."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டீர்: "அமத்தச் சொன்னது ஆர்?"

அதற்குப் பிறகு நீர் அந்தக் கதையை எடுத்ததில்லை. நெடுந்தீவுச் சனம் எங்கள் கடையைத் தேடி வரத் தொடங்கியபோது, எல்லாம் என் சாமர்த்தியம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். நீர் பக்கத்தில் நின்று சிரித்தீர்.

இப்போது யார் மெமரி கேட்டாலும் போர்டின் படத்தை அனுப்பச் சொல்கிறேன். அப்படியும் ஏறவில்லையென்றால், "அமத்தாதேங்கோ, என்ர பிழை, கொண்டு வாங்கோ" என்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு "என்ர பிழை" என்று சொல்லிவிட்டேன். நீர் அத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தீர். உமக்கு மட்டும் சொல்லவில்லை.