மூன்று வினாடி நடை

6.8.2007 திங்கள்
பந்து இன்றும் விழவில்லை. விழுகிறது, ஆனால் பலூன் மாதிரி. நான் கீறிய முப்பது தாள்களையும் புரட்டிப் பார்த்த சிவமணி சேர், "இதுக்குப் பாரமே இல்ல மகள். விழும்போது வேகம் கூடணும், நிலத்துல படும்போது நசியணும்" என்றார். வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேல்மாடி. அனிமேஷன் படிக்க எட்டுப் பேர், ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் தாள்களைப் பறக்கவைக்கத்தான்.

"காட்டூன் கீறவே யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தனீ?" என்று சின்னம்மா கேட்கிறார். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

9.8.2007
பந்து துள்ளிவிட்டது. உச்சிக்குப் போனதும் தாள்களைக் கூட்டி மெதுவாக்கு என்று கொன்ஸ்ரன்ஸ்தான் சொல்லித் தந்தாள். பக்கத்து மேசை, கொட்டாஞ்சேனைக்காரி. தன் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் என்னோடு இருந்தாள். அப்படியொரு குணம்.

14.8.2007
விளம்பரக் கம்பனி ஒன்று எங்களில் ஒரு ஆளை வேலைக்கு எடுக்கப்போகிறது. ஒரே ஒரு ஆள். பரீட்சை: வேலை முடிந்து சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் ஒரு பெண், மூன்று வினாடி நடை. 31ஆம் திகதிக்குள்.

கிடைத்தால் கொழும்பில் இருக்கலாம். இல்லாவிட்டால், தரைப்பாதை பூட்டியிருப்பதால், அடுத்த மாதம் கப்பலேறி யாழ்ப்பாணத்து வீட்டுக்கு. சின்னம்மா கப்பலுக்கு என் பெயரையும் பதிந்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஏன் இங்கே என்று கேட்கும் பொலிசுக்கு விளக்கம் சொல்லியே களைத்துவிட்டார்.

கொன்ஸ்ரன்ஸுக்கும் அந்த வேலை வேண்டும். ஹாபரில் கப்பல் சாமான் இறக்கும் வேலை செய்த தகப்பன் முதுகு அடிபட்டு வீட்டில்.

17.8.2007
நாலாவது தடவை. கண்ணாடிக்கு முன்னால் நானே நடந்து பார்த்துத்தான் கீறினேன். சேர் கேட்கிறார்: "இந்தப் பிள்ள ஏன் கையை உடம்புக்குத் தள்ளி வச்சிருக்கு? ஏன் ஒவ்வொரு அடிக்கும் நிக்கப் பாக்குது?"
எனக்கு விளங்கவில்லை.

18.8.2007
விளங்கியது. சந்திச் செக்பொயின்ற்றைக் கடக்கும்போது என்னை நானே பார்த்தேன். கை வெளியே, விரல்கள் விரிய, எப்போது நிற்கச் சொன்னாலும் நிற்கத் தயாராக. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் அல்லவா? ஒன்றரை வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். செக்பொயின்ற் இல்லாத ஒழுங்கையிலும் இதே நடைதான்.

ஆரிட்டக் கோவிக்கிறது? இனி நான் எங்க போய் நடை பழகிறது?

21.8.2007
சின்னம்மாவை நடக்கச் சொன்னேன். அவரும் அப்படியே. றோட்டில் நின்று சனத்தைப் பார்த்துக் கீறவும் முடியாது. கொப்பியும் பென்சிலுமாக நின்றால் நேரே பொலிஸ்தான்.

23.8.2007
கொன்ஸ்ரன்ஸை வகுப்பு வராந்தாவில் நடக்கச் சொன்னேன். பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மணப்பெண் மாதிரி நடந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "நடக்கச் சொன்னா நடக்க ஏலாதுடி."

24.8.2007
கப்பல் 12ஆம் திகதியாம். அம்மா போனில் சந்தோஷமாகக் கதைத்தார்.

27.8.2007
கண்டுவிட்டேன். வகுப்பு முடிந்து பஸ் ஹோல்ட்டுக்குப் போகையில் கொன்ஸ்ரன்ஸ் எனக்கு முன்னால். இடுப்பு ஒரு பக்கம் விழ மற்றத் தோள் எழும்புகிறது. பை அரை அடி பிந்தி வந்து தொடையில் இடிக்கிறது. ஒரு செருப்பு மட்டும் இழுபடுகிறது. செக்பொயின்ற்றில் அவளையும் நிறுத்தினார்கள். "அய்யே", அண்ணா என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், ஆமிக்காரன் சிரித்தான், விட்ட இடத்திலிருந்து அதே நடை. நான் அவள் அடிகளை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். கூப்பிடவில்லை.

28.8.2007
போயா விடுமுறை, வகுப்பில்லை. நாள் முழுக்கக் கீறினேன். அவளிடம் சொல்லவேண்டும்.

30.8.2007
சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். பிறகேன் கேட்கவில்லை? சொன்னால் அவளே அதைக் கீறிவிடுவாள் என்ற பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

31.8.2007
எல்லோருடையதையும் திரையில் போட்டார்கள். கொன்ஸ்ரன்ஸின் பெண் நல்ல வடிவு, ஆனால் வராந்தாவில் நடந்த அதே மணப்பெண் நடை. தன் நடை எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

என்னுடையதைக் கம்பனி மெடம் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். முதல் தடவையிலேயே பக்கத்துக் கதிரையிலிருந்து கொன்ஸ்ரன்ஸ் மெதுவாக, "அது நான்தானே" என்றாள். வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.9.2007 செவ்வாய்
வேலை எனக்கு. சின்னம்மா கப்பல் பதிவை வெட்டுவிக்கப் போயிருக்கிறார். சந்தோஷம். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், பெரிய சந்தோஷம்.

கொன்ஸ்ரன்ஸ் கை தந்தாள். பிளேன்ரீயும் பணிசும் வாங்கித் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, "முதலே கேட்டிருக்கலாம் தானே" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை.

பஸ் ஹோல்ட்டுக்குப் போகும்போது எப்போதும் அவள்தான் முன்னால் போவாள். இன்று படியடியில் ஒதுங்கி நின்று, "நீ முன்னால போ" என்றாள். பஸ் ஹோல்ட் வரும்வரை எனக்குப் பின்னாலேயே வந்தாள்.