இடப்பக்க இருக்கை

ஜூன் 14, சனி

ஜீப் வந்துவிட்டது. மூன்று அங்குலம் உயர்ந்து, வேறு யாருடைய வண்டியோ போல வாசலில் நிற்கிறது. எரியோட்டுத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடையைக் கடக்கும்போதெல்லாம் அடிப்பாகம் பாறையில் உரசும். அந்தச் சத்தத்துக்கே இவர் முகம் சுருங்கும். டிசம்பரில் பைக்கிலிருந்து விழுந்து முதுகில் நான்கு ஸ்க்ரூ போட்டுக்கொண்ட மனிதர். தட்டாமல் போனால் அவருக்கு நல்லது என்று நானே முடிவெடுத்து, வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி மெக்கானிக் மதன்குமாரிடம் விட்டேன்.

இன்று ஓடையில் சத்தமே இல்லை. "எப்படிங்க இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டேன். "ஜோரா இருக்கு" என்றார். ஏறத்தான் சிரமப்பட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஜூன் 18, புதன்

வேகத்தடையில் இறங்கும்போது பின்னால் 'டக்'கென்று ஓர் அடி. மதனிடம் போனில் சொன்னேன். "ஸ்பிரிங் பட்டை புதுசுதானக்கா, முரண்டு பண்ணத்தான் செய்யும். ஓட ஓடப் படிஞ்சிரும்."

எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. உயரத்திலிருந்து ரோட்டைப் பார்ப்பது பிடித்திருக்கிறது. இதை எழுதக்கூட ஏன் கூச்சம்? ஆறு மாதமாக ஆஸ்பத்திரி, வீடு, தோட்டம் என்று ஓடுகிறேன். இதுகூட இருக்கக் கூடாதா?

ஜூன் 22, ஞாயிறு

போக வர ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் நான் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். இன்று வழி முழுக்க மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

ஜூன் 27

இன்றும் வரவில்லை என்றுவிட்டார். தலைவலியாம்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவது தடவை. முருங்கை பறிக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள், இவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"நீதான் எல்லாம் பாத்துக்கிறியே, நான் எதுக்கு?"

"அப்ப நான் ஒருத்தியே ஓடி ஓடிச் சாகவா?"

கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோட்டத்தில் காய் பறிக்கிற முனீஸ்வரி கேட்டாள்: "சாரு வரலையாக்கா? திட்டுறதுக்கு ஆளில்லாம வேலையே ஓடலக்கா." காய்ச்சல் என்று பொய் சொன்னேன். நடமாட்டம் நின்றால் திரும்ப எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் காலையில் எழுந்திருக்க இருக்கிற ஒரே காரணம் அந்தத் தோட்டம். அதையும் விட்டுவிட்டால்—

ஜூலை 5, சனி

கண்ணாடி துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தேன். துணிக்கு அடியில் இரண்டு அட்டை வலி மாத்திரை. இரண்டும் காலி.

ரொம்ப முடியாவிட்டால் மட்டும் ஒன்று என்றுதானே டாக்டர் சொன்னார்? இருபது மாத்திரை! வீட்டில் இல்லை, ஜீப்பில். எப்போது போட்டார்? தோட்டத்துப் படலைத் திறக்க நான் இறங்குகிற அந்த ஒரு நிமிஷத்திலா?

அவர் தோட்டத்துக்கு வரப் பயப்படவில்லை. இந்த வண்டிக்குப் பயந்திருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

மதனை ஓட்டச் சொல்லி, இவர் உட்காரும் இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஓட்டியும் ஒரு தடவை அங்கே உட்கார்ந்து பார்க்கவில்லை. ஓட்டுகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. குழி வருவதும் முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். இந்தப் பக்கம் எல்லாம் திடீரென்று வருகிறது. ஒவ்வொரு குழியிலும் ஆளைத் தூக்கிப் போட்டு, இறங்கும்போது நடுமுதுகில் ஓர் அடி. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. ஓடை வருவதற்குள் நானும் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்.

"இந்தப் பட்டை பளு ஏத்துறதுக்குக்கா. பின்னாடி அஞ்சாறு மூட்டை கெடந்தா அமுங்கும், வெறும் வண்டின்னா தூக்கித்தான் போடும். ஷாக் அப்சார்பரு வேற பழசு, இந்த ஒசரத்துக்கு நீளம் பத்தல. சக்கரம் குழியில எறங்குனா முழுசா நீண்டு வெடுக்குன்னு இழுக்குது."

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"தட்டக் கூடாதுன்னுதானக்கா சொன்னீங்க. சாரோட முதுகப் பத்தி வாயே தொறக்கலையே?"

ஆமாம். திறக்கவில்லை.

ஜூலை 8

அட்டைகளை அவர் முன்னால் வைத்தேன். எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு: "அன்னிக்கு வண்டிய விட்டு அம்புட்டு சந்தோசமா எறங்குன, சுகன்யா. நான் விழுந்ததுல இருந்து அப்படி ஒரு மூஞ்சிய நான் பாக்கல. அதைப் போயி கெடுக்கச் சொல்றியா?"

இது அன்பா? அன்பென்றால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? மூன்று தடவை கேட்டேனே. ஆனால் நான் கேட்ட விதத்துக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

நாளை ஸ்கேன். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா கார் தருகிறார். ஸ்க்ரூ நகர்ந்திருந்தால் மறுபடி அறுவை. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

நகரவில்லை.

நகரவில்லை! தசைதான் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் எந்த வண்டியும் வேண்டாம் என்றார் டாக்டர். வராந்தாவில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. என்னுடையதா, அவருடையதா தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

பழைய பட்டையையே திரும்ப மாட்டச் சொன்னேன், ஷாக் மட்டும் புதிது. "ஊரெல்லாம் ஏத்தித் தான்னு வாரான். எறக்கித் தான்னு வந்த மொத ஆளு நீங்கதான்க்கா" என்று மதன் சிரித்தான். திரும்பவும் இடப்பக்கம் உட்கார்ந்து, ஓடை வரை போய்ப் பார்த்த பிறகே வண்டியை எடுத்துவந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நானும் முனீஸ்வரியும் கடப்பாரையோடு ஓடையில் இறங்கினோம். பெயர்க்க முடிந்த கற்களைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளினோம். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லக்கா?" என்றாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஏற ஸ்டூல் தேவைப்படவில்லை. பேச்சு மட்டும் இல்லை. இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம்.

அவ்வளவு கல் எடுத்தும் ஓடையில் ஓரிடத்தில் அடிப்பாகம் கரகரவென்று உரசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன்.

"பள்ளத்துல எதுக்குடி செகண்டுல எறக்குற? ஃபர்ஸ்டப் போடு" என்றார்.

அவருடைய இரண்டு கையும் கைப்பிடியில் இல்லை, மடியில் இருந்தன.