வீட்டு வண்டிக்கு மட்பிளாப்

12-11-1979, திங்கள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மட்பிளாப்புக்கு அளவெடுக்கப் போனவன், அடுத்தவர் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கட்டில் இருந்தது ஒரு வேனுக்குள். கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவர் அதற்குள் வீடே கட்டி வைத்திருக்கிறார். அடுப்பு, கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, சன்னலுக்குப் பூப்போட்ட திரை. சேறு தெறிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்பிளாப் ரப்பர் இரண்டும் கிழிந்து, திரை வரைக்கும் சேறு. டிரைவர் சோலை அதைப் பழங்காநத்தத்தில் என் டயர்க் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறினேன். வீடு என்றால் வீடுதானே. சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். மழை தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. கண் செருகியதும் வண்டி வயலுக்கு மேலே மெல்லப் போகிறது. என் வீட்டுக்காரி மாயக்காள் அந்த அடுப்பில் காப்பி போடுகிறாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சோலை உலுக்கினான். "அண்ணே, ரப்பரு அளவ தலகாணியிலயா எடுக்குறீக?"

"ஒன் மொதலாளிக்கு மலையில ஒரு வீடு, சக்கரத்துல ஒரு வீடு. நான் செத்த படுத்தா தேஞ்சா போயிரும் மாப்ள?"

தூக்கம் கலையாமலே அளவெடுத்தேன்.

13, செவ்வாய்

மாயக்காள் பரவைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. தப்பு என் வாயில்தான். இல்லை, கையில்.

இத்தனை வருசமும் கடைக்குப் பின்னால்தான் குடித்தனம். டயர் நாற்றம் இல்லாமல், சன்னல் வைத்த வீடாகப் பாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று, "சன்னல்தான? இந்தா" என்று ஒரு டயரைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் டயர் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

இனிமேல் வரவே மாட்டாளோ?

14, புதன்

பக்கத்துத் தெரு சுந்தரம்மாள் வீட்டு மாடி அறையை வாடகைக்குப் பேசி முடித்தாயிற்று. சன்னல் இரண்டு. சாவி மடியில்.

15, வியாழன்

பழைய லாரி டயரைப் பிளந்து இரண்டு துண்டு அறுத்து, மேலே இரும்புப் பட்டி வைத்து போல்ட் முறுக்கினேன். ரப்பர் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது.

"ரொம்ப எறக்கமா இல்ல?" என்றான் சோலை.

"கணுக்கால் தெரியக் கூடாது மாப்ள. பெரிய எடத்து வண்டி."

சிரித்தான். நல்ல நேரம் என்று கேட்டுவிட்டேன். "நாளைக்கு மலைக்குப் போறப்ப பரவையில கொஞ்சம் நிப்பாட்டு. ஒரு ஆளுக்குச் சன்னல் காட்டணும்."

16, வெள்ளி

மலைக்குப் போவதால் சோலை காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தான். வண்டியின் பின்பக்கம் அமுங்கியதை நான் கவனிக்கவில்லை. அவளிடம் என்ன பேசுவது என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

திண்டுக்கல் ரோட்டில் வயல் எல்லாம் தண்ணீர். தண்ணீருக்குள் வானம். கொக்குகள் மேகத்தில் கால் வைத்து நின்றன.

பரவையில் ஆரன் சத்தம் கேட்டு மாயக்காள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"என்னய்யா இது?"

"சன்னலு."

"யாரு வீட்டுச் சன்னலு?"

"இது எஸ்டேட்காரருது. நம்மது சுந்தரம்மா வீட்டு மாடியில. ரெண்டு இருக்கு."

சாவியை நீட்டினேன். முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை, தாழ்த்தித்தான் பிடித்தேன். அவள் வாங்கவில்லை. ரோட்டோரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, திரையைத் தடவிப் பார்த்து, சன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"செத்த ஓட்டச் சொல்லு, பாப்போம்."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

திருப்புவதற்காக சோலை ரிவர்ஸ் எடுத்தான். அமுங்கி நின்ற வண்டியில் இடது ரப்பர் தரையில் மடங்கிச் சக்கரத்துக்கு அடியில் மாட்டி, பட்டியோடு பிய்ந்து வந்தது. அவன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, கணுக்கால் தெரியுது."

ஒற்றை ரப்பரோடு மொதலாளி முன்னால் நிற்க முடியாது என்று வண்டியைப் பழங்காநத்தத்துக்கே விட்டான். மாயக்காள் சன்னலை விட்டு எழவில்லை. கொக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாவியை என் கையிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அது அவள் முந்தானையில் முடிச்சாகி இருந்தது.

கடை வாசலில் கதவைத் திறந்து, இறங்கக் காலை நீட்டினோம். செருப்பு நான்கும் பரவையில் இருக்கின்றன.