அண்ணன் இடுப்பில் ஊர்ச்சாவி

மார்ச் 4

இந்த மலையூருக்குள் நான் நுழைந்தது வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. வெட்கம்தான், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். பஸ் கோட்டை வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேல் தெரு செங்குத்தாக ஏறுகிறது. பாதியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன். ரொட்டிக்கடைக்காரிதான் தன் சரக்கு வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வெங்காயம் நசுங்குச்சு, உன்னை உரிச்சு வித்துடுவேன்" என்றாள்.

"வாங்கறவங்கதான் அழுவாங்க" என்றேன்.

கீழே கடற்கரை ஓட்டலில் என்னோடு போர்வை துவைப்பவர்களிடம், "நானும் டூரிஸ்ட் மாதிரி பழைய கோட்டை பார்க்கப் போறேன்" என்று பீற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். உண்மையில் வந்தது இங்கே தனியாக இருக்கும் அண்ணனைக் கூட்டிப்போக. அவருக்கு மறதி முற்றிவிட்டது, தனியாக விடாதே என்று ரொட்டிக்கடைக்காரி போன் செய்திருந்தாள்.

மார்ச் 5

டூரிஸ்டுகள் கடலோடு சரி, இங்கே ஏறி வருவதில்லை. நானூறு வருஷத்துக் கல்வீடுகள், முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. பிழைப்புக்குக் கீழே போனவர்கள் எல்லாம் சாவியை அண்ணனிடம் விட்டுப் போனார்கள். மூடியே கிடந்தால் சுவர் பூசணம் பிடிக்கும் என்று அவர் தினம் ஒரு தெருவாக ஜன்னல்களைத் திறந்து காற்றாட விடுவார். சாயங்காலம் சாத்துவார். பூட்டியதும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். திறந்து கிடக்கிற கதவு எது கண்ணில் பட்டாலும் பூட்டிவிட்டுத்தான் நகர்வார்.

என்னைக் கண்டதும், "வாடி வாயாடி, யாரை வம்பிழுக்க வந்தே?" என்றார். அப்பாடா என்றிருந்தது.

சாப்பிடும்போது, "கீழே என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. உங்களை மாதிரியேதான் பேசுவா" என்றார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

மார்ச் 6

மழை. மேகம் நாள் முழுக்கத் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. நாங்களும் வீட்டுக்குள்.

மார்ச் 7

பெட்டி கட்டினேன். "என்னோட கீழே வந்துடுங்கண்ணே" என்றேன். சரி என்றார். அதுதான் பயமாக இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னால்கூட ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடிக்கிற மனிதர். சாவிகளை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுக் கோட்டை வாசல் வரை வந்தோம். பஸ்ஸில் கால் வைத்தவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இல்லை. முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஜன்னலெல்லாம் திறந்து கிடக்குடி. மழை உள்ளே வருமே" என்று அழுதார். அத்தனை பேர் பார்க்க, நரைத்த தலையோடு.

என்ன செய்வேன்? இழுத்துக்கிட்டுப் போகவா? என் ஒற்றை அறைக்கு இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அதை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?

பஸ் போய்விட்டது.

மார்ச் 9

ஓட்டலுக்குப் போன் செய்து வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னேன்.

"டூர் அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"இறங்கவே மனசில்ல சார்."

போனை வைத்துவிட்டு முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

மார்ச் 20

இப்போது ஜன்னல் திறப்பது நான். அண்ணன் கூடவே வருவார். இன்று தையல்காரர் வீடு. பூட்டையும் சாவியையும் கதவிலேயே தொங்கவிட்டு மாடிக்குப் போனேன். கீழே கதவு சாத்தும் சத்தம். பிறகு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அண்ணன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் உள்ளே இருக்கேன். திறங்க."

நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்காரங்க ஊர்ல இல்லைம்மா. அவங்க இல்லாதப்ப நான் யாரையும் உள்ளே விடறதில்ல."

"நான் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. அவங்க வந்ததும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தையல்காரர் குடும்பம் போய் ஒன்பது வருஷமாகிறது. மீதி ஜன்னல்களையும் திறந்துவிட்டு உட்கார்ந்தேன்.