காவல் கடிகாரம்

சுற்றுக்கலம் 'தாழை'. எழுதுபவர்: ஆவுடையப்பன், சிப் பொறியாளர்.

நாள் 208 — 09:20
வழக்கமான பதிவு. கீழே செவ்வாயின் வடமுனை. குளிர்கால இருட்டு, சூரியன் தலைகாட்ட இன்னும் மூன்று மாதம். குடிலில் ஒரே ஆள்: பனி ஆய்வாளர் வேலாயுதபெருமாள், என் அக்கா கோமதியின் கணவர். மேலே நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர் தலைக்கு மேல் கடக்கிறேன்.

குடிலின் காற்று, சூடு, ரேடியோ எல்லாம் ஒரே சிப்பில் ஓடுகின்றன. அதற்குள் லட்சக்கணக்கான சிறு அறைகள். எந்த அறை என்ன வேலை செய்ய வேண்டும் என்று இங்கிருந்து ஒரு கோப்பு எழுதி அனுப்பினால், சிப் அந்த வேலைக்கான இயந்திரமாகவே மாறிவிடும். இன்று பனி துளைக்கும் கருவிக்கு ஒரு கோப்பு ஏற்றினேன். ஏற்றியதும் 'நலம்' என்ற உறுதிச்சொல்லைக் கலம் தானாகவே அனுப்பிவிடும். வேலை முடிந்தது.

அத்தானிடமிருந்து: "மாப்ளே, கருவி இப்பம் ஒழுங்கா ஓடுது. ஒனக்கு இதாவது தெரியுதே, சந்தோசம்."

இந்த மனிதருக்குப் பாராட்டவே வராது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, 'பரவாயில்ல' என்று சொன்னவர்தானே.

நாள் 211 — 14:05
சூரியப் புயல். குடில் சிப்பில் கால்வாசி அறைகள் செத்துவிட்டன. மாற்றுச் சிப்பும் போயிற்று. இறங்கு கலம் கீழேயே முடங்கிக் கிடக்கிறது; என்னிடம் இன்னொன்று இல்லை. மீட்புக் கலம் வர இருபத்தாறு நாள்.

சிப்பிலிருந்து துளைக்கும் கருவியின் வேலையைத் தூக்கி எறிந்தேன். செத்த அறைகளை விலக்கி, மிச்சத்தை நெருக்கி அடுக்கிப் புதுக் கோப்பு அனுப்பினேன். அது ஏறுவதற்குள் குடிலில் காற்று குறையவே, அத்தான் தன் விண்உடையில் இருந்த காற்றையும் திறந்துவிட்டிருக்கிறார். இனி உடை உதவாது.

நாள் 214 — 11:30
அறைகள் இன்னும் செத்துக்கொண்டே இருக்கின்றன. இடம் பண்ண, கோப்பிலிருந்து குடில் கேமராவை எடுத்துவிட்டேன். அவர் முகம் போயிற்று. 'அந்தத் தாடியைப் பார்க்கச் சகிக்கவில்லை' என்று நேற்றுதான் கேலி செய்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

நாள் 216 — 13:10
அக்காவிடமிருந்து, பூமி வழி: "தம்பி, நீ மேல இருக்கங்கிற தைரியத்துலதான் நான் ஒரு வாய் சோறு திங்கேன். அவுகள விட்டுராதடே."

காற்று விசிறி விட்டுவிட்டு ஓடுகிறது. மிஞ்சிய அறைகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன். காற்றுக்கும் சூட்டுக்கும் சரியாக இருக்கும். ரேடியோவுக்கு இடமில்லை. ரேடியோவை எடுத்துவிட்டால் அவர் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. அதன்பிறகு என்னால் அந்தச் சிப்பைத் தொடவே முடியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சுற்று முழுக்கத் தவித்தேன்.

அவர் பதில்: "மூச்சு வேணுமா பேச்சு வேணுமான்னு கேக்க இவ்ளோ நேரமாடே, கூறு கெட்டவனே? பேச்சத் தூக்கு. வெளி விளக்குக்குக் கைச் சுவிட்சு இருக்கு, சிப்புல சேத்தி இல்ல. நீ மேல வரும்போதெல்லாம் மூணு தடவ அணைச்சு அணைச்சுப் போடுதேன். மூணு கண்டா நான் உசுரோட இருக்கேன். ஒங்க அக்காகிட்ட அதைச் சொல்லு."

நாள் 216 — 16:45
கடைசிக் கோப்பு ஏறிவிட்டது. அவருடைய கடைசிச் சொல்: "மாப்ளே, இருபத்தோரு நாள் கழிச்சுப் பாப்போம். அதுவரைக்கும் ஒன் தொணதொணப்பு கெடையாது, நிம்மதி."

18:40. தொலைநோக்கியில் ஒரு புள்ளி வெளிச்சம். மூன்று முறை. வாய்விட்டு அழுதேன். அக்காவுக்குச் சொன்னேன்.

நாள் 217 — 09:15
பூமிக்கு அறிக்கை எழுத அந்தக் கோப்பை வரிவரியாகத் திறந்தேன். நாற்பதாவது வரி.

காவல் கடிகாரம்.

நாங்கள் எழுதும் எல்லாக் கோப்பிலும் அது இருக்கும். தவறான கோப்பை ஏற்றித் தொடர்பு அறுந்துபோனால் காப்பாற்றுவதற்கு: இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மேலிருந்து 'நலம்' வராவிட்டால், சிப் தானாகவே முந்தைய கோப்புக்குத் திரும்பிவிடும். முந்தைய கோப்பு இப்போது செத்துப்போன அறைகளின் மேல் நிற்கிறது. அதில் விசிறி சுற்றாது. காற்றுக் கதவு மூடாது.

'நலம்' என்று அனுப்பக் கலம் நேற்றிலிருந்து முயன்றுகொண்டே இருக்கிறது. கேட்க அங்கே காது இல்லை. காதை அறுத்தவன் நான். பதினோரு வருடப் பழக்கத்தில் அந்த வரி என் கண்ணிலேயே படவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

16:45க்கு முன் சிப் பலகையிலிருந்து ஒரு சிவப்புக் கொக்கியை அவர் பிடுங்கினால் போதும். கடிகாரம் நின்றுவிடும். அவர் கைக்கு எட்டும் தூரம். ஆனால் அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

10:40
ஏதோ தவறு என்று அவருக்கு உறைக்கட்டும் என்று, கலத்தின் சூரியத் தகட்டைத் திருப்பி வெயிலை அவர் கூரைச் சன்னல் பக்கம் அடித்தேன். ஒன்பது முறை. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஒன்பது முறை.

12:40
விளக்குச் சமிக்ஞை மொழி எதுவும் நாங்கள் படித்ததில்லை. நீளமாக அடித்தேன், குட்டையாக அடித்தேன், தாறுமாறாக அடித்தேன். அவரும் நீளம், குட்டை, தாறுமாறு. அப்படியே திருப்பிப் போடுகிறார். ஐயோ, மனிதா, விளையாடவில்லை. நான் கையசைக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும், சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

14:40
நிறுத்தாமல் அடித்தேன். பயந்தாவது எதையாவது கிளறிப் பார்க்கட்டும் என்று. தகட்டின் கீல் சூடேறி எச்சரிக்கை மணி அடித்தது, விடவில்லை. அவரும் விடவில்லை. நான் அடிவானத்தில் மறையும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு சந்தோசமாக அந்த விளக்கு இதுவரை எரிந்ததில்லை.

அக்காவிடமிருந்து: "தம்பி, வெளக்கு எரியுதா?"

'எரியுது அக்கா' என்று அனுப்பினேன்.

16:40
இனி பயமுறுத்தி என்ன? மூன்று முறை மட்டும் அடித்தேன். அவர் மூன்று போட்டார். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, இன்னும் ஒன்று. நானும் ஒன்று அடித்தேன். பாராட்டத் தெரியாத மனிதர்.

16:45 ஆயிற்று.

18:40
நான் அடிக்கவில்லை. அவர் போட்டார். ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்றாவதை நான் மறையும் வரைக்கும் காணவில்லை.

இந்தப் பதிவைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: கோப்பிலிருந்து ரேடியோவை எடுத்தால் காவல் கடிகாரத்தையும் எடுங்கள். நாற்பதாவது வரி. வேறு எதையும் படிக்க வேண்டாம், இதை மட்டும்

20:40
விளக்கு எரிகிறது. அணைந்து எரியவில்லை. எரிந்துகொண்டே இருக்கிறது.

20:55
அக்காவிடமிருந்து: "தம்பி, வெளக்கு எரியுதா?"

எரியுது அக்கா. அணைக்கத்தான்