நோன்பு திறந்த தண்ணீர்

1987 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை
காலை மணி 6.40
இலக்கம் 1: குழாய்த் தண்ணீர் பற்றியது

மோதினார் அவர்களுக்கு,

ஸலாம். மண்ணறையில் உள்ளவர்களுக்கும் ஸலாம் உரைப்பது நம் வழக்கமாகையால் இதை எழுதுவதில் பிழையில்லை.

இன்று சுபஹுத் தொழுகை முடிந்து வந்து முகம் கழுவ வாளியில் கையை விட்டேன். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. மூன்று நாட்களாகக் குழாயில் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. நேற்று மாலை யாரோ வந்து தாங்கியில் மருந்தைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் கொட்டினார்கள், எவ்வளவு கொட்டினார்கள், எத்தனை நாளைக்குப் பொறுக்க வேண்டும் என்று எவரும் எவருக்கும் சொல்லவில்லை. பெண்கள் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைக்கிறார்கள். துணியில் வடித்துக் கொதிக்க வைக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் சவளக்கடைப் பக்கமிருந்து வண்டியில் பீப்பாய் வைத்து எடுப்பிக்கிறார்கள். ஊர் இப்படித்தான் சமாளிக்கிறது. கோபப்படுவதற்குக்கூட எவருக்கும் தெம்பு இல்லை.

நீங்கள் காலமானது ஜனவரி 29, வியாழக்கிழமை. நாளை உங்கள் பேரில் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தம். சற்று முன்னர்தான் உங்கள் மகள் வந்து வாசலில் நின்றார்.

“மாமா, நாளைக்குக் கத்தச் சோத்துக்கு இந்தத் தண்ணியில உலை வெக்கலாமா? தண்ணிக் கந்தோரால ஒண்டும் சொல்லல்லயே.”

“கொதிச்சாப் பிழையில்ல மகள். குடிக்கிறதுக்கு மட்டும் ரெண்டு பீப்பா சொல்லியிரிக்கன்.”

“ஓம். இவனுகள் எப்பதான் சொன்ன? உம்மா மவுத்தான நேரத்திலயும் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லல்லதானே.”

அவர் போய்விட்டார். நான் ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. ஐந்தரை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. அந்த எண்ணந்தான் என்னை இம்மடலை எழுத வைக்கிறது.

குளோரின் நெடியை நம்மிருவருக்கும் பழக்கியது 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி. அதற்குப் பின் வந்த வாரங்களில் கிணறுகளில் மருந்து போட்டார்கள். அளவு சொல்ல ஆளில்லை. நீங்கள் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து அண்ணன் முறையில் காக்கா என்றழைத்து என்னிடம் நீட்டினீர்கள்.

“குடிங்க கிளாக்கர் காக்கா. உடுப்பு வெளுக்கிற மருந்து, உள்ளுக்க கிடக்கிற பாவத்தையும் வெளுக்கும்.”

நான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்போது பள்ளியின் காரியதரிசி. அந்தப் பதவியில் இருந்துகொண்டு சிரிக்கக் கூடாது என்று நினைத்திருந்தவன். அன்று சிரித்துவிட்டேன்.

நம் ஊரில் எந்த அரசாங்கக் கந்தோரின் செய்தியானாலும் மக்களிடம் வந்து சேரும் வழி ஒன்றுதான்: பள்ளியின் ஒலிபெருக்கி. மவுத்துச் செய்தி, காணாமற்போன ஆடு, தடுப்பூசி, கூப்பன் கடைச் சாமான் எல்லாம் பாங்கு சொல்லும் உங்கள் தொண்டை வழியாகவே வந்தன. 1981 ஜனவரியில் யாரோ ஒருவன் கொடுத்த துண்டுக் கடுதாசியை நம்பி, சங்கக் கடையில் கோதுமை மா கொடுக்கிறார்கள் என்று நீங்கள் அறிவித்தீர்கள். பெண்கள் மாலை அஸர் தொழுகை வரை வெயிலில் நின்றார்கள். மாவும் இல்லை, கடைக்காரனும் இல்லை. வெறும் பையோடு நேரே பள்ளி வாசலுக்கு வந்தார்கள்.

“பள்ளிக்குள்ள இரிந்துக்கிட்டுப் பொய் சொல்ற என்ன மோதினார்? உங்கட பாங்கையாவது நம்பலாமா?”

நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். அதைப் பொறுக்காமல்தான் அந்த மாதக் கூட்டத்திலே நான் ஒரு விதியை முன்மொழிந்தேன்: திகதியும் ஒப்பமும் உள்ள எழுத்து இல்லாமல், காரியதரிசி அதைப் பார்வையிடாமல், எந்த அறிவித்தலும் ஒலிபெருக்கியில் போகக் கூடாது. உங்களைக் காப்பதற்காகவே அந்த விதி செய்யப்பட்டது. இதை நான் இன்று சொல்வது சாட்டுக்காக அல்ல. நடந்த வரிசை அதுவாகையால் சொல்கிறேன்.

1981 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. பதினோராவது நோன்பு. லுஹர் தொழுகை முடிந்து, பிற்பகல் மணி 1.20க்கு நீங்கள் ஒரு அரைத்தாளுடன் என்னிடம் வந்தீர்கள். குழாய்த் தண்ணீரை மறு அறிவித்தல் வரை கொதிக்க வைத்தே பருகுமாறு பொதுமக்களுக்குத் தெரிவிக்கவும் என்று அதில் பென்சிலால் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

“ஆரு தந்த?”

“தண்ணிக் கந்தோர் ஆளாம். சைக்கிள்ள வந்து தந்திட்டுப் போறான். பேரும் சொல்லல்ல.”

“திகதி எங்க? ஒப்பம் எங்க?”

“அது இல்லத்தான். ஆனா குழாயடியில நான் மணத்துப் பாத்தன் காக்கா. செத்த எலி நாத்தம். இது மாக் கதை இல்ல.”

“மாக் கதையும் இப்பிடித்தானே வந்த? நாளைக்குக் காலையில நானே கந்தோருக்குப் போய் ஒப்பத்தோட வாங்கிட்டு வாறன். மறுகா சொல்லுங்க.”

“கடுதாசிக்குத் திகதி வேணும், சரி. வயித்தோட்டம் திகதி பாத்தா வரும்?”

ஒலிபெருக்கி ஊர் நம்மை நம்பித் தந்த அமானிதம் என்று மட்டும் சொன்னேன். “ஓம், அமானிதம்தான்” என்றீர்கள். அரைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அதன் பின் நீங்கள் செய்ததை இரண்டு நாள் கழித்தே அறிந்தேன். அஸர் தொழுகை முடிந்தவுடன் வீடு வீடாக நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். “வாயால சொல்லுறதுக்குச் சட்டம் இல்லத்தானே” என்று பிறகு என்னிடம் சொன்னீர்கள். குழாயடிக்கு அண்மையிலுள்ள தெருவில் தொடங்கினீர்கள். கடற்கரையோரத்து உங்கள் வீட்டைக் கடைசிக்கு விட்டீர்கள். ஒவ்வொரு வாசலிலும் உங்களை நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

“மெய்யெண்டா மைக்கில சொல்லியிரிப்பீங்களே மோதினார்? இது ஆருட கதை?”

என் விதி ஒலிபெருக்கியின் சொல்லுக்கு மதிப்பைக் கூட்டியது. அதே அளவுக்கு உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பைக் குறைத்துவிட்டது. இரண்டு தெரு முடிவதற்குள் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பாங்கு சொல்ல வேண்டியவர் நீங்கள். வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கே ஓடி வந்தீர்கள். மாலை 6.25க்கு மஃரிபு பாங்கு சொன்னீர்கள்.

உங்கள் வீட்டில், உங்கள் மனைவி சுலைஹா உம்மா, பேரீச்சம்பழத்தையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் முன்னே வைத்துக்கொண்டு, உங்கள் குரலுக்காகக் காத்திருந்தார். குரல் வந்தது. குடித்தார்.

இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் நீங்கள் அவரிடம் சொன்னீர்கள்.

புதன்கிழமை நான் பஸ் ஏறித் தண்ணீர்க் கந்தோருக்குப் போனேன். ஒப்பமிட வேண்டியவர் அம்பாறைக்குப் போய்விட்டார் என்றார்கள். பிற்பகல் இரண்டு மணி வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்து திரும்பினேன். வியாழக்கிழமை மறுபடி போனேன். உள் நடையில், கோவைகள் அடுக்கிய அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பலகையில், அதே அறிவித்தல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து குத்தப்பட்டிருந்தது. ஒப்பம் இருந்தது, முத்திரை இருந்தது. திகதி ஜூலை 13, திங்கட்கிழமை. நான் கேட்ட எல்லாமும், நான் கேட்பதற்கு முதல் நாளே, எவர் கண்ணிலும் படாத இடத்தில் தயாராக இருந்தன.

“இதை ஏன் ஊருக்கு அனுப்பல்ல?” என்று கேட்டேன்.

“ஒட்டியிரிக்கிதானே ஐயா. ஆக்கள் வந்து பாக்கிறல்ல, அதுக்கு நாங்க என்ன செய்யிற?” என்றார் அங்கிருந்த லிகிதர். அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்குத் தேநீரும் சொல்லப் பார்த்தார்; நோன்பு என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

தமிழில் எழுதி ஒப்பம் வாங்கிக்கொண்டு மாலை 3.50க்குப் பள்ளிக்கு வந்தேன். நீங்கள் அதை வாசித்தீர்கள். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். அன்று காலையிலேயே சுலைஹா உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள் என்பதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை; மஃரிபுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரம் பல வீடுகளில் வயிற்றோட்டம். சாக்கடைக் கான் தண்ணீர் குழாய்க்குள் கலந்தது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். என்ன கலந்தது என்று கந்தோர் இன்று வரை சொல்லவில்லை.

1981 ஜூலை 18, சனிக்கிழமை, விடியற்காலை 5.50க்கு அவர் மவுத்தானார்.

காலை 7.10க்கு நீங்கள் என் வாசலில் நின்றீர்கள். கையில் ஒரு முழுத்தாள். உங்கள் கையெழுத்து. மரணித்தவரின் பெயர், கணவரின் பெயர், மரணித்த நேரம், ஜனாஸாத் தொழுகை நேரம், அடக்கும் இடம், திகதி, அடியிலே உங்கள் ஒப்பம்.

“எல்லாம் இரிக்கி காக்கா. சரியா எண்டு பாருங்க.”

குத்தலாகச் சொன்னீர்களா என்று ஆண்டுக்கணக்கில் யோசித்திருக்கிறேன். உங்கள் முகத்தில் குத்தல் இருக்கவில்லை. விதி இருந்தது, அதன்படி வந்தீர்கள், அவ்வளவுதான். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தாளைக் கிழித்திருக்க வேண்டும்; அல்லது உங்களைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். என் கை, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, சுருக்கொப்பமும் திகதியும் இட்டது. நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். பதினைந்து நிமிடத்தில் ஒலிபெருக்கியில் உங்கள் மனைவியின் மவுத்தை நீங்களே அறிவித்தீர்கள். அந்த முறை உங்கள் குரல் தடுமாறவில்லை.

ஜூலை 26 கூட்டத்தில், முறையான அறிவித்தலைப் பெற்றுத் தந்தமைக்காகக் காரியதரிசிக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. அந்தக் கூட்டறிக்கையை எழுதியதும் நானே.

ஆகஸ்ட் 2 நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து எல்லாரும் எல்லாரையும் தழுவி மாப்புக் கேட்கும் வழக்கப்படி நாமும் தழுவினோம். “தெரிஞ்சும் தெரியாமலும் செய்ததுக்கு மாப்புச் செய்ங்க காக்கா” என்றீர்கள். நானும் அதே சொற்களைச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்ன அதே சொற்கள். செய்தது இன்னதென்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவன், ஊரோடு ஊராகக் கேட்டு, கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். நீங்களும் ஊரோடு ஊராக மன்னித்தீர்கள்.

அதன் பிறகு, விதி தளர்ந்து எவரும் அதைக் கவனிக்காத காலத்திலும், நீங்கள் ஒவ்வொரு துண்டையும் என்னிடம் கொண்டுவந்தீர்கள். “வெள்ளாடு ஒண்டு காக்கா, காதில வெட்டு, திகதியோட இரிக்கி” என்று நீட்டுவீர்கள். நான் படித்துத் திருப்பித் தருவேன். அது அன்பா, தண்டனையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இனிக் கேட்கவும் இயலாது.

எந்தத் தண்ணீர் அவரைக் கொண்டு போனது என்று அறுதியாகச் சொல்ல முடியாதென்றார் டாக்டர். செவ்வாய்க்கு முன்பே குடித்ததாகவும் இருக்கலாம். அந்த இருக்கலாமில் சாய்ந்து உறங்கப் பலமுறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. பிற்பகல் 1.20 முதல் மாலை 6.25 வரை ஐந்து மணித்தியாலமும் ஐந்து நிமிடமும். என்னிடம் இன்னும் இருப்பது அந்த நேரந்தான். வேறு எதை மறந்தாலும் அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

கந்தோரின் பிழை கந்தோருக்கு. அதை நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று உங்கள் மகள் நினைத்திருப்பது உண்மையல்ல. அழுக்கான ஒரு அரைத்தாளில் ஒரு சொல் வந்தது. அதை நிறுத்தி வைத்தவன் நான். தாயைப் பறிகொடுத்தவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. உங்கள் பொறுமையை மீறுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளை கத்தம் ஓதி முடிந்து, சோறு போடுவதற்கு முன், இம்மடலை உங்கள் மகளிடம் கொடுப்பேன். படித்த பின் அவர் எல்லாரும் சேர்ந்துண்ணும் சஹனில் என்னை உட்காரச் சொன்னால் உட்காருவேன். சொல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்புவேன்.

இத்துடன் இணைக்கப்பட்டவை:

1. 1981 ஜூலை 14இல் கிடைத்த அரைத்தாள். மூலப் பிரதி. அதில் திகதி இப்போதும் இல்லை, நான் சேர்க்கவில்லை.

2. 1981 ஜூலை 18ஆம் திகதிய ஜனாஸா அறிவித்தல், உங்கள் கையெழுத்தில். அறிவித்து முடிந்த பின் பள்ளிக் கோவைக்கு வந்தது; அடியில் என் சுருக்கொப்பம் உள்ளது.

3. உங்களிடம் பெயர் சொல்லி மாப்புக் கேட்டு நான் எழுதிய கடிதம். பெருநாளன்று நாம் தழுவியபோது அது என் சட்டைப்பையில் இருந்தது. திகதி 1981 ஆகஸ்ட் 2. அன்று ஒப்பமிடவில்லை. இன்று காலை 9.05க்கு இட்டேன்.